ஒரே முடிச்சில் இரண்டு சந்தேகங்கள்: காலநிலை அறிவியலையும் காற்றாலையையும் நம்பாதவர்களுக்கு ஒரு திறந்த மடல்

காலநிலை அறிவியலை நம்பாதவர்களுக்கும், காற்றாலை என்ற பேச்சை எடுத்தாலே முகம் சுளிப்பவர்களுக்கும் வணக்கம்.

தனித்தனியாக இரண்டு மடல் எழுதத்தான் நினைத்தேன். ஆனால் இரண்டு கூட்டத்திலும் பெரும்பாலும் அதே ஆட்கள்தான் இருக்கிறார்கள். "பூமி சூடாகிறது என்பதே கட்டுக்கதை" என்று ஆரம்பிக்கிறவர், அடுத்த மூச்சில் "இந்தக் காற்றாலையெல்லாம் கண்துடைப்பு" என்கிறார். காற்றாலைச் சத்தத்தில் தூக்கம் போகிறது என்று நியாயமான குறையோடு வருகிறவரும், பத்து நிமிடத்தில் கரியமில வாயுவால் ஒன்றும் ஆகாது என்ற இடத்துக்குப் போய் நிற்கிறார். இந்த இரண்டும் எப்படி ஒட்டிக்கொண்டன? எனக்கு அதுதான் புரியாத புதிராக இருந்தது. நானும் கொஞ்ச காலம் இரண்டையும் சேர்த்தே சந்தேகப்பட்டவன். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு காட்சி. 2023 பிப்ரவரி கடைசி வாரம், நார்வேயின் தலைநகரம் ஆஸ்லோ. எரிசக்தி அமைச்சக வாசலை மறித்து இளைஞர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். பலர் வட ஐரோப்பாவின் சாமி (Sámi) பழங்குடியினரின் நீலமும் சிவப்புமான உடையில். அவர்களோடு காலநிலைப் போராளி கிரேட்டா துன்பெர்கும் உட்கார்ந்திருக்கிறார். போராட்டம் எதை எதிர்த்து? நிலக்கரியையோ எண்ணெய்க் கிணற்றையோ அல்ல. ஃபோசென் தீபகற்பத்தில் நிற்கும் 151 காற்றாலைகளை எதிர்த்து. கலைமான் மேய்க்கும் சாமி மக்களின் குளிர்கால மேய்ச்சல் நிலத்தில் அவை கட்டப்பட்டன. அது அவர்களின் பண்பாட்டு உரிமையை மீறுகிறது என்று நார்வேயின் உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. தீர்ப்பு வந்து 500 நாள் ஆகியும் இறக்கைகள் சுற்றிக்கொண்டுதான் இருந்தன. வாசலில் உட்கார்ந்தவர்களைக் காவலர்கள் ஒவ்வொருவராகத் தூக்கிக்கொண்டு போனார்கள், துன்பெர்க் உட்பட.

இப்போது இன்னொரு ஆளைப் பாருங்கள். ரிக் பெர்ரி. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநில ஆளுநராகப் பல ஆண்டுகள் இருந்தவர். விஞ்ஞானிகள் தரவைத் திரிக்கிறார்கள் என்று 2011-இல் மேடையில் வெளிப்படையாகச் சொன்னவர். அவர் 2005-இல் கையெழுத்திட்ட ஒரு சட்டம்தான், காற்று வீசும் மேற்கு டெக்சாஸிலிருந்து நகரங்கள் இருக்கும் கிழக்குப் பக்கத்துக்குப் பெரும் மின்தடங்கள் போட வழி செய்தது. இன்று அமெரிக்காவிலேயே காற்றிலிருந்து அதிக மின்சாரம் எடுப்பது டெக்சாஸ்தான்.

காலநிலைக்காகப் பள்ளியைப் புறக்கணித்த பெண் காற்றாலைக்கு எதிரே உட்கார்கிறார். காலநிலை அறிவியலைக் கேலி செய்தவர் காற்றாலைக்குப் பாதை போடுகிறார். இருவரிடமும் முரண்பாடு ஏதும் இல்லை. கரியமில வாயு வெப்பத்தை வெளியேறவிடாமல் தடுக்கிறதா என்பது அளந்து பார்க்க வேண்டிய கேள்வி. இந்த இடத்தில் இந்தக் காற்றாலை நிற்கலாமா என்பது கூடிப் பேசி, பேரம் பேசி, சில நேரம் நீதிமன்றம் போய்த் தீர்க்க வேண்டிய கேள்வி. ஒன்றின் விடையை வைத்து இன்னொன்றைத் தீர்க்க முடியாது. நீங்கள் இரண்டையும் ஒரே முடிச்சாகப் போட்டுவிட்டீர்கள் என்பதுதான் என் புகார். அதனால் நஷ்டம் உங்களுக்குத்தான். எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் அறிவியல். உங்கள் தரப்பிலிருந்து வரும் கேள்விகளில் பல எனக்குச் சலித்துப்போனவை. ஆனால் ஒன்று உண்மையிலேயே நல்ல கேள்வி. அதன் வயது 120-க்கு மேல். 1896-இல் ஸ்வீடனைச் சேர்ந்த ஸ்வாந்தே அரீனியஸ், காற்றில் கரியமில வாயு இரட்டிப்பானால் பூமி எத்தனை டிகிரி சூடாகும் என்று கையால் கணக்குப் போட்டார். நான்கே வருடத்தில் அதே நாட்டைச் சேர்ந்த இன்னொருவர், நூட் ஆங்ஸ்ட்ரோம், அதற்கு ஓட்டை போட்டார். ஒரு குழாயில் கரியமில வாயுவை அடைத்து வெப்பக் கதிரைச் செலுத்தியபோது, வாயுவை மூன்றில் ஒரு பங்கு குறைத்தும் தடுக்கப்படும் வெப்பம் ஏறக்குறைய அதேதான். அதாவது, தடுக்க வேண்டியதை ஏற்கெனவே காற்றில் இருக்கும் வாயுவே தடுத்துவிடுகிறது, இனிமேல் கூட்டினால் என்ன, குறைத்தால் என்ன? ஜன்னலுக்குக் கறுப்பு மை பூசியாகிவிட்டது, இன்னொரு பூச்சு அடித்தால் கூடுதலாக இருட்டவா போகிறது?

இந்த வாதத்தை முதன்முதலில் கேட்டபோது நான் வாயடைத்துப் போனேன். நான் மட்டுமல்ல, அந்தக் காலத்து அறிவியலாளர்களே பெரும்பாலும் அதை ஏற்றுக்கொண்டு அரீனியஸை ஓரங்கட்டிவிட்டார்கள். விடை தெளிவாக வர 1950-கள் ஆயிற்று. வளிமண்டலம் ஒரே ஒரு ஜன்னல் கண்ணாடி அல்ல, அடுக்கடுக்காக இருக்கிறது. கீழடுக்கு விழுங்கிய வெப்பத்தை அடுத்த அடுக்குக்கு விடுகிறது. அது அதற்கும் மேலே விடுகிறது. இப்படிக் கைமாறிக் கைமாறி, காற்று மிகவும் மெலிந்து, மேலே தடுக்க ஆளில்லாத ஓர் உயரத்துக்கு வந்த பிறகுதான் வெப்பம் விண்வெளிக்குத் தப்புகிறது. கரியமில வாயுவைக் கூட்டினால் அந்த வாசல் இன்னும் உயரத்துக்குப் போய்விடும். அங்கே குளிர் அதிகம். குளிர்ந்த இடத்திலிருந்து கிளம்பும் வெப்பக் கதிர் குறைவு. சூரியனிடமிருந்து வரவு அதேதான், செலவு மட்டும் குறைந்துவிட்டது. மீதி எங்கே போகும்? கீழே சேரும். கில்பர்ட் பிளாஸ் என்ற இயற்பியலாளர் 1956-இல் இதைக் கணினி வைத்து அடுக்கடுக்காகக் கணக்கிட்டுக் காட்டினார்.

இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. "எங்கள் கேள்வியை யாரும் காதில் வாங்குவதில்லை" என்பது உங்கள் பொதுவான ஆதங்கம். இந்தக் கேள்வியைக் காதில் வாங்கினார்கள், அரை நூற்றாண்டு அதற்குத் தோற்றும் நின்றார்கள், பிறகுதான் விடை கண்டார்கள்.

நடுவில் இன்னொரு வேடிக்கையும் நடந்தது. 1938-இல், கரியமில வாயு கூடுகிறது, பூமியும் ஏற்கெனவே சூடாகிக்கொண்டிருக்கிறது என்று லண்டனில் வானிலை வல்லுநர்கள் முன் ஓர் அறிக்கை வைத்தவர் கை காலெண்டர் (Guy Callendar) என்பவர். அவர் வானிலை ஆய்வாளரே அல்ல, நீராவிப் பொறியாளர். உலகெங்கும் 147 வானிலை நிலையங்களின் பதிவுகளைச் சொந்த நேரத்தில் உட்கார்ந்து சேர்த்திருந்தார். எதிரே இருந்த வல்லுநர்கள் அவ்வளவாக மசியவில்லை. நீங்கள் அடிக்கடி சொல்லும் கதையில் அதிகாரத்தில் இருப்பவர்கள் புவி வெப்பத்தை ஊதிப் பெரிதாக்குவார்கள், வெளியாள் ஒருவர் துணிந்து கேள்வி கேட்பார். 1938-இல் அந்த வெளியாள்தான் 'சூடாகிறது' என்றவர். (சூடானால் நல்லதுதான், பயிர் நன்றாக விளையும், பனியுகம் திரும்பி வராது என்றும் அவர் நம்பினார். அது வேறு விஷயம்.)

அடுத்து உங்கள் கையில் எப்போதும் இருக்கும் சீட்டு: "பழைய வெப்பநிலைப் பதிவுகளைத் திருத்திவிட்டார்கள்." ஆமாம், திருத்தினார்கள். எதை, ஏன் என்று பார்ப்போம். ஒரு நூற்றாண்டுக்கு முன்னால் கடல்நீரின் வெப்பத்தை எப்படி அளந்தார்கள் தெரியுமா? ஓடும் கப்பலின் பக்கவாட்டில் கயிறு கட்டி ஒரு வாளியை இறக்குவார்கள். இழுத்து மேலே தூக்கி, தளத்தில் வைத்து, வெப்பமானியை உள்ளே விட்டுக் காத்திருப்பார்கள். வாளி கித்தான் துணியால் ஆனது என்றால் வெளிப்புறம் ஈரம் காயக் காய, பானைத் தண்ணீர் குளிர்வது போல உள்ளிருக்கும் நீரும் குளிர்ந்துவிடும். மாலுமி வெப்பமானியைப் பார்த்து எழுதும் எண், கடலின் உண்மையான வெப்பத்தைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கும். பின்னாளில் எஞ்சினைக் குளிர்விக்க உள்ளே இழுக்கும் நீரை அளந்தார்கள். எஞ்சின் அறையின் சூட்டில் அது கொஞ்சம் கூடுதலாகக் காட்டும். இரண்டையும் அப்படியே அருகருகே வைத்தால், கடல் திடீரென்று சூடாகிவிட்டது போலத் தெரியும்.

எனவே பழைய வாளி எண்களை மேலே ஏற்றித் திருத்தினார்கள். இதன் விளைவு என்ன? பழைய காலம் கொஞ்சம் சூடாகிவிட்டது, அதனால் இன்றுவரை ஏறிய மொத்த அளவு குறைந்துவிட்டது. நிலத்தில் செய்த திருத்தங்கள் ஏற்றத்தைக் கொஞ்சம் கூட்டுகின்றன என்பது உண்மை. ஆனால் பூமியில் கடல்தான் அதிகம். எல்லாத் திருத்தங்களையும் சேர்த்துப் பார்த்தால், திருத்தாத பதிவுகள் காட்டும் சூடேற்றத்தைவிடத் திருத்திய பதிவுகள் காட்டுவது குறைவு. மோசடி செய்ய உட்கார்ந்தவர்கள் தங்கள் காலிலேயே கோடாரியைப் போட்டுக்கொள்வார்களா?

இதை நான் சொல்லி நம்ப வேண்டாம். ரிச்சர்டு முல்லர் என்ற இயற்பியலாளர் உங்களைப் போலவே இந்தப் பதிவுகளை நம்பாதவர். 2010-இல் ஒரு குழு சேர்த்து எல்லாத் தரவையும் முதலிலிருந்து போட்டுப் பார்த்தார். பணம் தந்தவர்களில் எண்ணெய்த் தொழிலில் இருந்த சார்லஸ் கோக்கின் அறக்கட்டளையும் ஒன்று. நகரக் கட்டடங்களின் சூடுதான் கணக்கைக் கெடுக்கிறதோ என்பது அவருடைய சந்தேகங்களில் ஒன்று. அதையும் தனியாகச் சோதித்தார். 2012-இல், சூடாவது உண்மை, காரணம் ஏறக்குறைய முழுவதும் மனிதர்களே என்று எழுதினார். சந்தேகம் இப்படித்தான் வேலை செய்ய வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அவர் கையில் பேனாவை எடுத்தார், நாமெல்லாம் பெரும்பாலும் கையை மட்டும்தான் வீசிக்கொண்டிருக்கிறோம்.

சூரியன்தான் காரணம் என்பீர்கள். அப்படியானால் மேலடுக்குக் காற்றும் கீழடுக்குக் காற்றும் சேர்ந்தே சூடாக வேண்டும். 1967-இல் சுகுரோ மனாபேயும் ரிச்சர்டு வெதரால்டும் போட்ட கணக்கு வேறு மாதிரிச் சொன்னது: காரணம் கரியமில வாயு என்றால் கீழே சூடாகும், மேலே ஸ்ட்ராட்டோஸ்பியர் என்ற அடுக்கு குளிரும். செயற்கைக்கோள்கள் அதை அளக்க ஆரம்பித்தது அதற்குப் பத்து வருடத்துக்கு மேல் கழித்துத்தான். அளந்தபோது மேலே குளிர்ந்துகொண்டிருந்தது. ஓசோன் குறைந்ததும் அதில் ஒரு காரணம்தான். ஆனால் அதைக் கழித்த பிறகும் மிச்சம் இருக்கிறது. மனாபேக்கு 2021-இல் நோபல் பரிசு கிடைத்தது.

உங்கள் கோபம் முழுவதும் ஆதாரமற்றது என்று நான் சொல்லவில்லை. ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் 2007 அறிக்கையில் இமயமலைப் பனியாறுகள் 2035-க்குள் காணாமல் போய்விடும் என்று ஒரு வரி இருந்தது. அபத்தம். 2010-இல் தவறை ஒப்புக்கொண்டார்கள். 2009 நவம்பரில் கிழக்கு ஆங்கிலியா பல்கலைக்கழக ஆய்வாளர்களின் மின்னஞ்சல்கள் திருடப்பட்டு வெளியானபோது, தரவு ஜோடிக்கப்படவில்லை என்று அடுத்தடுத்த விசாரணைகள் சொன்னாலும், தரவைக் கேட்டவர்களிடம் அவர்கள் நடந்துகொண்ட விதத்தைக் கண்டிக்கவும் செய்தன. படித்தபோது எனக்கே எரிச்சல் வந்தது. மேகங்கள் எப்படி நடந்துகொள்ளும் என்பதில் இன்னும் இழுபறி இருக்கிறது. அதனால்தான் கரியமில வாயு இரட்டித்தால் எவ்வளவு சூடாகும் என்பதற்கு ஐ.பி.சி.சி.யினர் 2021-இல்கூட ஒரே எண் சொல்லாமல், 2.5 முதல் 4 டிகிரி வரை இருக்கலாம் என்று இடைவெளி விட்டே சொன்னார்கள். அந்த இடைவெளிக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடுங்கள். சண்டை போடத் தக்க இடம் அதுதான்.

சரி, காற்றாலைக்கு வருவோம்.

நான் சந்தேகப்பட ஆரம்பித்தது ஒரு நின்றுபோன காற்றாலையைப் பார்த்துத்தான். பன்னிரண்டு காற்றாலைகள் வரிசையாக நின்றன. சட்டை படபடக்கும் அளவுக்குக் காற்று. பதினொன்று சுற்றின, நடுவில் ஒன்று மட்டும் இறக்கையைத் திருப்பி வைத்துக்கொண்டு சும்மா நின்றது. 'பார்த்தாயா, மானியத்துக்காக நட்டு வைத்த பொம்மை' என்று மனதுக்குள் முடிவு கட்டிவிட்டேன். இரும்புக் கோபுரத்தின் அடியில் கப்பல் கதவு போல விளிம்பு வளைந்த ஒரு சின்னக் கதவு. அதைத் திறந்துகொண்டு எண்ணெய்க் கறையோடு ஒரு இளைஞர் வெளியே வந்தார். "என்ன தம்பி, இது கெட்டுப்போச்சா?" என்று கேட்டேன். "இல்ல சார், நிறுத்தச் சொல்லியிருக்காங்க. லைன்ல இப்ப இதுக்கு மேல ஏத்த முடியாது" என்றார்.

கரண்ட் இல்லாமல் நிற்கவில்லை, கரண்ட் அதிகமாகி நிற்கிறது! காற்று வீசும்போது எல்லாக் காற்றாலையும் சேர்ந்து கொட்டும். அதைச் சுமக்கக் கம்பி போதாது, அல்லது அந்த நேரத்தில் வாங்க ஆள் இருக்காது. இது உண்மையான குறை. ஆனால் நான் நினைத்த குறை அல்ல. அன்றைக்கு இன்னொன்றும் கவனித்தேன். அடியில் நின்றபோது கேட்டதெல்லாம் ஏதோ விசிறியின் இரைச்சல்தான். நடந்து விலகி வந்த பிறகுதான் இறக்கையின் 'வுஷ்... வுஷ்...' தெளிவாகக் காதில் விழுந்தது. "நான் கோபுரத்தடியிலேயே நின்று பார்த்தேன், சத்தமே இல்லை" என்று பெருமையாகச் சொல்லும் ஆதரவாளர்களுக்கு இதைச் சொல்லிவைக்கிறேன்.

பக்கத்தில் போனால்தான் தெரியும் இன்னொரு சங்கதி, வேகம். தூரத்திலிருந்து சோம்பேறித்தனமாகச் சுற்றுவது போலத் தெரியும் இறக்கையின் நுனி மணிக்கு 300 கிலோமீட்டரை ஒட்டிப் பாய்கிறது. பறவைக்கு அந்தக் கணக்கு பிடிபடுவதில்லை.

"காற்று அடிக்காவிட்டால் என்ன செய்வீர்கள்?" என்று நீங்கள் கேட்கிறீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். காற்றின் வேகம் பாதியானால் மின்சாரம் பாதியாகாது, எட்டில் ஒன்றாகிவிடும். ஒரு காற்றாலை முழுமூச்சில் ஓடினால் தரக்கூடிய அளவில் (இதுதான் நிறுவுதிறன்), நிலத்தில் வருடச் சராசரியாகக் கிடைப்பது பெரும்பாலும் கால் பங்கிலிருந்து அரைப் பங்குக்குள். இதை மறைத்து, "இத்தனை ஆயிரம் மெகாவாட்" என்று மொத்த எண்ணை மட்டும் தட்டி விளம்பரம் செய்கிறவர்கள் உங்கள் சந்தேகத்துக்குத் தீனி போடுகிறார்கள்.

ஆனால் விளக்கு அணையும்போதெல்லாம் காற்றாலையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதும் சரியல்ல. 2021 பிப்ரவரியில் டெக்சாஸில் கடும் பனிப்புயல் வந்து, பல லட்சம் வீடுகள் இருண்டு, இருநூறுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மறுநாளே உறைந்த காற்றாலைப் படங்கள் எங்கும் சுற்றின. காற்றாலைகள் உறைந்தது உண்மை. ஆனால் பற்றாக்குறையின் பெரும் பங்கு இயற்கை எரிவாயுப் பக்கம்: கிணறுகள் உறைந்தன, குழாய்கள் உறைந்தன, மின்நிலையங்கள் நின்றன. ஓர் அணு உலைகூட நின்றுபோனது. குளிர்காலத்தில் காற்றாலையிடமிருந்து அவர்கள் அதிகம் எதிர்பார்த்திருக்கவே இல்லை.

நேர்மாறான ஒன்றும் உண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும். 2016 செப்டம்பர் 28 அன்று தெற்கு ஆஸ்திரேலியா மாநிலம் முழுவதும் இருண்டது. சூறாவளியில் உயர் அழுத்தக் கோபுரங்கள் சாய்ந்தன. மின்னழுத்தம் அடுத்தடுத்து விழுந்து எழுந்தபோது, பல காற்றாலைகள் தங்களுக்குள் வைத்திருந்த ஒரு பாதுகாப்பு அமைப்பின்படி ஒரேயடியாக விலகிக்கொண்டன. மின்கட்டமைப்பை நடத்துகிறவர்களுக்கே அப்படி ஓர் அமைப்பு இருப்பது தெரியாது. அங்கே உங்கள் தரப்பு பாதி சரி. பிறகு அந்த அமைப்பை மாற்றினார்கள். அடுத்த வருடம் ஹார்ன்ஸ்டேலில் 100 மெகாவாட் பேட்டரியும் வந்தது.

"காற்றாலை செய்ய ஆகும் நிலக்கரியை அது தன் ஆயுளில் மிச்சம் பிடிக்காது" என்பதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அது வெறும் கணக்கு, யாரும் போட்டுப் பார்க்கலாம். இரும்பு, காங்கிரீட், போக்குவரத்து எல்லாம் சேர்த்துச் செலவான ஆற்றலை ஒரு காற்றாலை பொதுவாக ஒரு வருடத்துக்குள் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. ஐ.பி.சி.சி. 2014-இல் தொகுத்தபடி, நிலத்தில் நிற்கும் காற்றாலை ஒரு யூனிட்டுக்கு வெளிவிடும் கரியமில வாயு, செய்வதிலிருந்து கழிப்பது வரை சேர்த்து, சுமார் 11 கிராம். நிலக்கரிக்கு 820.

உடல்நலக் குறைகளைப் பற்றி எழுதக் கொஞ்சம் தயக்கமாக இருக்கிறது, தலைவலியோடு இருப்பவரிடம் 'அது மனப்பிரமை' என்று சொல்வது எனக்குப் பிடிக்காது. நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ஃபியோனா கிரைட்டனும் மற்றவர்களும் ஒரு சோதனை செய்தார்கள். காற்றாலையின் காதுக்கு எட்டாத தாழ்ஒலி உடம்பைக் கெடுக்கும் என்று சொல்லும் காட்சிகளை ஒரு சாராருக்குக் காட்டினார்கள், அப்படி இல்லை என்று சொல்லும் காட்சிகளை இன்னொரு சாராருக்கு. பிறகு எல்லோருக்கும் பத்து நிமிடம் உண்மையான தாழ்ஒலி, பத்து நிமிடம் வெறும் அமைதி. பயமுறுத்தும் காட்சி பார்த்தவர்களுக்குத் தொந்தரவுகள் கூடின, ஒலி இருந்தபோதும் கூடின, இல்லாதபோதும் கூடின. தலைவலி பொய்யல்ல. அதைக் கொண்டுவந்தது காற்றாலையா, அதைப் பற்றிய பேச்சா என்பதுதான் கேள்வி.

ஆனால் காதுக்கு எட்டும் சத்தம் வேறு. நள்ளிரவில் ஊர் அடங்கிய பிறகு ஏறி இறங்கும் அந்த 'வுஷ்' தூக்கத்தைக் கெடுக்கும் என்றால் நான் நம்புகிறேன். மாலை வெயிலில் இறக்கையின் நிழல் ஜன்னலில் வெட்டி வெட்டிப் போனால் எரிச்சல் வராதா? இதில் நெதர்லாந்தில் செய்த ஓர் ஆய்வு என்னை யோசிக்க வைத்தது. காற்றாலையால் வருமானம் வரும் குடும்பங்கள், மற்றவர்களைவிட அதிகச் சத்தம் கேட்கும் இடத்தில் இருந்தும், ஏறக்குறைய யாருமே தொல்லை என்று சொல்லவில்லை. காசு காதை அடைத்துவிட்டது என்று சிரிக்கலாம். ஆனால் பக்கத்து நிலத்துக்காரருக்கு வாடகை, எனக்கு வெறும் இரைச்சல் என்றால் காது மட்டுமா வலிக்கும்? கோபன்ஹேகனுக்கு எதிரே கடலில் 2000-ஆம் ஆண்டு 20 காற்றாலைகளை நட்டபோது, அதில் பாதியை எட்டாயிரத்துக்கு மேற்பட்ட சாதாரண மக்கள் கூட்டுறவாகச் சேர்ந்து வாங்கினார்கள். ஊரே பார்க்கும் இடத்தில் அவை நிற்கின்றன.

பறவை விஷயத்தில் இரு தரப்பும் என்னைக் கடுப்பேற்றுகிறீர்கள். "பூனைகள் இதைவிட அதிகம் கொல்கின்றன" என்பது ஆதரவாளர்களின் நிலையான பதில். எண்ணிக்கையில் உண்மைதான், எத்தனையோ மடங்கு அதிகம். ஆனால் எந்தப் பூனை பொன்னாங்கழுகைப் பிடித்தது? கலிபோர்னியாவின் ஆல்டமான்ட் கணவாயில் அந்தக் கழுகுகள் வருடா வருடம் செத்து விழுந்தன. காற்றாலையை எங்கே வைக்கக் கூடாது என்பதற்கு அது பாடப்புத்தகம் ஆகிவிட்டது. வௌவாலுக்கு வழி இன்னும் எளிது. வௌவால்கள் அதிகம் பறப்பது காற்று மெதுவாக இருக்கும் இரவுகளில். அந்த இரவுகளில் காற்று இன்னும் கொஞ்சம் வேகம் பிடித்த பிறகு இறக்கையைச் சுற்றவிட்டால் போதும். பென்சில்வேனியாவில் அப்படிச் செய்து பார்த்தபோது சாவு பாதிக்கு மேல் குறைந்தது, இழந்த மின்சாரம் ஆண்டு உற்பத்தியில் நூற்றில் ஒரு பங்கைத் தாண்டவில்லை. இதை ஏன் எல்லா இடத்திலும் செய்வதில்லை? கேட்க ஆளில்லை.

அதைத்தான் நஷ்டம் என்றேன். கருத்துக்கேட்புக் கூட்டத்தில் உங்களுக்குக் கிடைப்பது மூன்று நிமிடம். அதில் எழுந்து "பூமி சூடாகவே இல்லை" என்று ஆரம்பித்தால், எதிரே உட்கார்ந்திருக்கும் நிறுவனத்துக்காரருக்குக் கொண்டாட்டம். உங்களை 'அறிவியல் மறுப்பாளர்' என்ற பெட்டியில் போட்டு மூடிவிடலாம், இரவுச் சத்தத்துக்கு அவர் பதில் சொல்ல வேண்டியதே இல்லை. ஃபோசென் மேய்ப்பர்கள் நீதிமன்றத்தில் காலநிலையைப் பற்றி ஒரு சந்தேகமும் கிளப்பவில்லை. எங்கள் மேய்ச்சல் நிலம், எங்கள் உரிமை என்றார்கள். ஜெயித்தார்கள். காற்றாலைகள் இன்னும் நிற்கின்றன என்றாலும், நஷ்ட ஈடும் மாற்று மேய்ச்சல் நிலமும் பேசி ஒப்பந்தம் போட வேண்டிய நிலைக்கு எதிர்த்தரப்பு வந்தது.

ஆகவே அடுத்த கூட்டத்தில் அந்த மூன்று நிமிடத்தில் இதைக் கேளுங்கள்: இரவுச் சத்தத்தை யார் அளப்பார், நிறுவனமா, வெளியாளா? வௌவால் பருவத்தில் நிறுத்துவீர்களா? இருபத்தைந்து வருடம் கழித்து நிறுவனம் கையை விரித்துவிட்டால் கோபுரத்தையும் மட்காத இறக்கையையும் அப்புறப்படுத்த இப்போதே பணம் கட்டி வைப்பீர்களா? எங்களுக்குப் பங்கு உண்டா? இவற்றுக்கு எழுத்தில் பதில் வாங்காமல் உட்காராதீர்கள். நான் அந்தக் கூட்டத்தில் இருந்தால் உங்கள் பக்கம்தான் கை தூக்குவேன்.

இந்த மடலை ஓரமாக நின்று படிக்கும் மறுதரப்புக்கும் ஒரு வார்த்தை. முடிச்சைப் போட்டதில் உங்கள் கையும் இருக்கிறது. "அறிவியல் சொல்கிறது, எனவே இந்தக் குன்றின் மேல்தான் கட்டுவோம்" என்று பேசியது நீங்கள். அறிவியல் எந்தக் குன்றையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை. குன்றைத் தேர்ந்தெடுத்தது ஏதோ ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிள்ளை. அந்தக் குன்றை இழக்க மனமில்லாதவருக்கு அறிவியலையே மறுப்பதைத் தவிர வேறு வழியை நீங்கள் விட்டுவைக்கவில்லை.

கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள், சந்தேகப்படும் நண்பர்களே. என் கருத்தை எது மாற்றும் என்று முன்கூட்டியே எழுதித் தருகிறேன். எரிமலை வெடிப்பு எதுவும் இல்லாமல், இன்னும் ஓர் இருபது வருடம் ஸ்ட்ராட்டோஸ்பியரும் கீழடுக்கோடு சேர்ந்து சூடாகிக்கொண்டே போனால், கரியமில வாயுதான் காரணம் என்று சொல்வதை நிறுத்திவிடுகிறேன். காற்றாலைகள் நிறைய நட்ட ஒரு மின்கட்டமைப்பில், வெளியிலிருந்து வாங்கியதையும் சேர்த்துக் கணக்குப் பார்த்து, எரித்த நிலக்கரியும் எரிவாயுவும் ஒரு யூனிட்டுக்கு இவ்வளவு என்பது குறையவே இல்லை என்று காட்டினால், காற்றாலைக்காகப் பேசுவதையும் விட்டுவிடுகிறேன். இரண்டும் தனித்தனிக் காகிதம். முதலாவதில் தோற்றால் இரண்டாவதையும் கிழிக்க வேண்டும் என்று இல்லை.

உங்களுடைய இரண்டு காகிதங்களிலும் என்ன எழுதுவீர்கள்? எழுதி அனுப்புங்கள், காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
நின்றுபோன காற்றாலையைப் பார்த்து அவசரப்பட்டு முடிவு கட்டியவன்